டவர் பாறையில் என்னைக் கைது செய்தார்கள்

“தவக்காலத்து முதல் வெள்ளி. வானத்தில் மேகம். டவர் பாறையில் கைது செய்யப்பட்டேன். செசிலிக்குச் சொல்லக் கூடாது.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மழை பெய்த நாள், பேருந்து வராத நாள், மலைப்பாதையில் எந்த வளைவுக்கு எதனால் அந்தப் பெயர் வந்தது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவன் நான். அன்று பேனா அதற்குமேல் ஓடவில்லை.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊரில் செல்போன் பேச ஒரே இடம் டவர் பாறை. (பாறையில் டவர் கிடையாது, அங்கே நின்றால் டவர் கிடைக்கும்.) ஒருவர் மேலே நின்று பேசுவார். மற்றவர்கள் கீழே பலாமர நிழலில் முறைக்குக் காத்திருப்பார்கள். பேசுவது எல்லார் காதிலும் விழும். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

என் மனைவி செசிலிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. ஆஸ்பத்திரியில் தேதி கேட்க அன்று பாறை ஏறினேன். நான் எண்ணைத் தேடுவதற்குள் ஒரு வீடியோ அழைப்பு வந்தது. காக்கிச் சட்டை, மேசை, பின்னால் பச்சைத் திரை. டெல்லியிலிருந்து பேசுவதாகச் சொன்னார்.

“உங்க ஆதாரை வச்சு ஒரு பார்சல் வெளிநாட்டுக்குப் போயிருக்கு. உள்ளே போதைமருந்து. ஜனவரி இருபத்தாறாம் தேதி புக் பண்ணியிருக்கீங்க.”

எனக்குப் பயம்தான். ஆனாலும் தேதி தப்பாக இருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

“சார், அன்னைக்குக் குடியரசு தினம். ஆபீசெல்லாம் லீவுங்க.”

எதிர்முனையில் காகிதம் புரட்டும் சத்தம். “அப்போ இருபத்தேழு.”

“அதாங்க சார் சரியா இருக்கும்” என்றேன். (என்மேல் போட்ட வழக்கில் பிழை திருத்திக் கொடுத்த நிம்மதி எனக்கு.)

“நீங்க இப்போ டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. தனி ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்துங்க.”

“ரூமுக்குப் போனா டவர் கிடைக்காதுங்க சார்.”

“அப்போ அங்கேயே இருங்க!”

வெட்டவெளியில் தனிமைச் சிறை அனுபவித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நடுவே லைன் அறுந்தது. அந்த நேரத்தில்தான் சட்டைப்பையிலிருந்த நாட்குறிப்பை எடுத்து எழுதினேன். அதோடு விட்டேனா? நானே திரும்ப அழைத்து, “மன்னிக்கணும் சார், மேகம் குறுக்க வந்துடுச்சு” என்று விலங்குக்குக் கையை நீட்டினேன்.

“பேங்க்ல இருக்கிற பணத்தைச் சரிபார்ப்புக்கு எங்க கணக்குக்கு மாத்துங்க. சுத்தமான பணம்னா சாயங்காலமே திரும்பிடும்.”

அது செசிலியின் முழங்காலுக்கென்று வைத்திருந்த பணம். வேறு பணம் எங்களுக்கு இல்லை. “பாஸ்புக் வூட்டுல கீதுங்க சார்” என்று முனகினேன்.

அப்போது கீழே காத்திருந்த குப்பம்மாள் மேலே ஏறிவந்து, என் தோளுக்குப் பக்கத்தில் முகத்தை நீட்டி, போனுக்குள் பார்த்தாள்.

“இன்னா சார், இவருக்கு இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்? திருப்பூர்ல எம் புள்ள டூட்டிக்குப் பூடுவான்.”

“யாரது? வெளியே அனுப்புங்க!” என்று போன் அலறியது.

“குப்பம்மா, சட்டத்தோட விளையாடாத” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஒருத்தர் பேசினா எறங்கணும். அதான் இங்க சட்டம்.”

நான் போனைப் பார்த்துக் கும்பிட்டேன். “சார், இவங்க முறை வந்துடுச்சு. பாஸ்புக்க எடுத்துகினு கைதுக்கு வந்துடறேன்.”

“லைனைக் கட் பண்ணா ஜீப் வரும்!”

வரும் என்றே நம்பினேன். இறங்கும் வழியில் புதரில் ஓணான் ஓடினாலும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

வீட்டில் பெட்டியைக் கிளறும்போது செசிலி பார்த்துவிட்டாள். “இன்னாங்க, மூஞ்சி வெளுத்துக் கீது?”

“நான் கைதாயிட்டேன் செசிலி.”

அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “இன்னா கேஸு?”

“போதைமருந்து கடத்தல்.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்களா? கண்டக்டர்கிட்ட மீதி சில்லறை கேக்கப் பயந்துகினு கண்ணமங்கலம் வரைக்கும் மென்னு முழுங்குற ஆளு நீங்க. கடத்துறதுக்கு ஒரு தைரியம் வாணாமா?”

என் வாழ்நாள் கோழைத்தனம் முழுவதும் எனக்குச் சாட்சியாக வந்து நின்றது.

“என்னைக்குக் கடத்துனீங்களாம்?”

“ஜனவரி இருபத்தே...” வாய் பாதியில் நின்றது. “செசிலி, அந்தத் தேதியை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.”

அவ்வளவு நேரமும் பயம் என்னை யோசிக்க விடவில்லை. ‘யாரிடமும் பேசாதே, லைனை விடாதே’ என்று அவன் சொன்னதெல்லாம் இதற்காகத்தான். லைனை விட்டு, இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொன்னால் அவன் கட்டிய கதை உடைந்துவிடும். எனக்கு அந்த இடைவெளியைக் கொடுத்தது புத்தி அல்ல, குப்பம்மாளின் முறை.

பணம் தப்பியது. புகார் கொடுக்கப் போன இடத்தில், “வீடியோ கால்ல கைதுன்னு ஒண்ணு கெடையவே கெடையாதுங்க” என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து செசிலி இப்போது தானே பாறை ஏறுகிறாள். ஆனால் அதை டவர் பாறை என்று யாரும் சொல்வதில்லை. “சார், ஸ்டேஷன் காலியா கீது, வர்றீங்களா?” என்று குப்பம்மாள் கூப்பிடுகிறாள். ஊரே ‘ஸ்டேஷன் பாறை’ என்கிறது. இடப்பெயர்களுக்குக் காரணம் தேடித் திரிந்தவன், ஓர் இடப்பெயருக்குக் காரணமாகிவிட்டேன்.

ஒரு குறிப்பு மட்டும் பாக்கி. அந்த ஆள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சேவல் கூவியது. எங்கள் ஊர்ச் சேவல்தான் என்று குப்பம்மாள் சாதிக்கிறாள். சத்தம் போனுக்குள்ளிருந்து, அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து வந்ததாகத்தான் எனக்கு நினைவு. அப்படியானால் அந்த ‘டெல்லி’ எந்த ஊரின் கொல்லைப்புறத்தில் இருக்கிறது? இதுவரை சரிபார்க்க முடியவில்லை.