ஆகாசக்காவின் விண்ணப்பம்

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தன்மேல் சந்தேகமே இல்லாத ஒரே மனுஷி ஆகாசக்காதான். மற்ற எல்லோருக்கும் அவர்மேல் சந்தேகம். தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த எனக்கும்தான்.

தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்து ஆலையில், தூள் சலிக்கிறவர் அக்கா. ரஷ்யப் பெண் ஒருத்தி விண்வெளிக்குப் போய் வந்த வாரம், கடையில் சீனி சுற்றித் தந்த பத்திரிகையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"கிளாக்கரையா, துணி மில்லுல வேல செஞ்சவளாம் இவ. தேயில ஸ்டோர்ல வேல செய்ற நான் போகக்கூடாதாங்க?"

"போகலாங்க்கா. பாராசூட்ல குதிக்கத் தெரியணும்."

அவரை அனுப்பிவிடத்தான் சொன்னேன். அது தப்பாகிப்போனது.

முதலில் தலைசுற்றலுக்குப் பயிற்சி. கொழுந்து உருட்டும் ரோலரை இமைக்காமல் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். மெஷினை உடைக்க வேவு பார்க்கிறார் என்றார் பெரிய கணக்கப்பிள்ளை. தோட்டத்தை நடத்தும் துரைக்காக ஆட்களை வேவு பார்க்கிறார் என்றார் தொழிற்சங்கத் தலைவர். இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்த வேவுதான்.

பிறகு நாலு படங்குச் சாக்கைச் சேர்த்துத் தைத்துக்கொண்டு, கொழுந்து வாட்டும் மாடியின் ஜன்னலில் ஏறினார். சாக்குக்குள் தேயிலை கடத்துகிறார் என்று வாச்சர் விசில் ஊதினார். கணக்கப்பிள்ளை ஓடிவந்தார்.

"அடியே, சாகப் போறியா?"

"பறக்கப் போறேங்க. ஒதுங்குங்க!"

அவர் ஒதுங்கவில்லை. சாக்குப் பாராசூட் நன்றாகத்தான் விரிந்தது. ஆனால் ஆகாசக்கா கணக்கப்பிள்ளைமேல் வந்து விழுந்த பிறகு விரிந்தது. இருவரையும் மூடிய சாக்கை நாங்கள் தூக்கியபோது, "இன்னும் கொஞ்சம் ஒசரம் வேணும்" என்றார் அக்கா. கணக்கப்பிள்ளை ஒரு வாரம் நொண்டினார்.

அதற்குப் பிறகும் அக்கா விடவில்லை. கொழும்பிலுள்ள ரஷ்யத் தூதரகத்துக்கு இங்கிலீஷில் நாலு வரி எழுதித் தரச் சொன்னார். தொல்லை விட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தபால் பையில் தூதரக முத்திரையோடு தடித்த உறை ஒன்று வந்தது. கம்யூனிஸ்ட் என்ற சொல்லுக்கே முகம் சிவக்கும் வெள்ளைக்காரத் துரை, உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார். என்னையும்தான்.

"இந்த இங்கிலீஷ் யார் எழுதினது? சொல்லு. அவனுக்கு நாளைக்கு வேலை இல்லை."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தாங்க எழுதினேன்."

"நீயா? எழுது பார்க்கலாம்!"

துரை காகிதத்தையும் பேனாவையும் தள்ளினார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்தார். எறும்பு ஊர்ந்ததுபோல் ஓர் எழுத்து, அடுத்தது, அதற்கடுத்தது. நாலு வரியும் முடித்து, கடைசியில் பொட்டு வைப்பதுபோல் எழுத்துகளுக்குமேல் புள்ளிகள் வைத்தார். உறையில் திரும்பி வந்திருந்த விண்ணப்பமும் அதே எழுத்தில்தான் இருந்தது. நான் எழுதிக் கொடுத்ததை அவர் அனுப்பவே இல்லை. தன் விண்ணப்பம் தன் கையாலேயே போகவேண்டுமென்று, பார்த்துப் பார்த்து வரைந்து பழகியிருக்கிறார்.

"என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?" என்றார் துரை.

"ஒடம்பு நல்லாருக்கு, கூப்புட்டா வாறேன்னு எழுதியிருக்கேங்க."

துரை அந்தக் காகிதத்தையும் திரும்பி வந்த விண்ணப்பத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "வேலைக்குப் போ" என்று மட்டும் சொல்லி, உறையை அக்காவிடம் தள்ளினார்.

வெளியே வந்ததும் பதிலை வாசித்துக் காட்டினேன். நன்றி சொல்லியிருந்தார்கள், தங்கள் நாட்டுப் பிரஜைகளை மட்டுமே சேர்ப்பதாக எழுதியிருந்தார்கள்.

"அப்ப நம்ம நாட்டுல எப்பங்க ஆள் எடுப்பாங்க?"

தோட்டத்துத் தமிழர் பலரையும்போல எங்கள் இருவருக்குமே அப்போது எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் கிடையாது. "இன்னும் ஆரம்பிக்கலக்கா" என்றேன்.

"சரி, அமெரிக்காவுக்குப் போடுவோம்."

அமெரிக்காவுக்குப் போட்டோம். அடுத்த வருஷம் வேறொரு நாட்டுக்கு. நான் எழுதித் தருவேன், அவர் வரைந்து அனுப்புவார். இன்றுவரை அவரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. யாராவது நிஜமாகவே கூப்பிட்டு அக்காவைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று எனக்குச் சந்தேகம். அதனால் அமெரிக்காவுக்குப் போட்டதிலிருந்து ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அக்காவின் வயதை, எண்ணில் போடாமல், அவருக்குப் புரியாதபடி இங்கிலீஷ் எழுத்தில், பத்து வருஷம் கூட்டியே எழுதினேன்.