உருளைக்கிழங்குக்கு மலர்வளையம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. எமில் ஹாவ்லிக் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் வெளியூர்க்காரர்களைத் துடைப்பத்தோடு துரத்தினேன் என்று சென்ற வார இதழில் வந்த செய்தி தவறு. கையில் துடைப்பம் இருந்தது, அவர்கள் ஓடியது, பின்னால் நான் ஓடியது மூன்றும் உண்மை. ஆனால் நான் துரத்தவில்லை, விளக்கம் சொல்லப் போனேன். கன்னிமடத்து சிஸ்டர்களிடம் படித்தவள் விருந்தினரை அடிக்க மாட்டாள்.

நடந்தது இதுதான். நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது, முதல் குடியேறியைப் பற்றிய வரலாற்றுப் பலகையை எதிர்ப்பக்கத்திலிருந்து பிடுங்கி என் வேலியோரம் நட்டார்கள். 'இதற்கு நேர் பின்னே, மண்மேட்டின் கீழ், இப்புல்வெளியை முதலில் உழுத வாக்லாவ் செர்னி துயில்கிறார்' என்ற வாசகம் மட்டும் மாறவில்லை. இப்போது பலகைக்கு நேர் பின்னே இருக்கும் மேடு, மண் மூடிய என் உருளைக்கிழங்கு நிலவறை. கோடை முழுவதும் அதன் முன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார்கள். நிலவறையின் காற்றுக்குழாயில் யாரோ மலர்வளையம் மாட்டிவிட்டுப் போனார்கள். என் கணவர் அடால்ஃபின் கல்லறைக்குக்கூட அவ்வளவு பெரியது வந்ததில்லை. சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை நிலவறையைப் பெருக்கிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தால், எதிரே அயோவா மாநிலத்திலிருந்து வந்த ஒரு தம்பதி மண்டியிட்டிருக்கிறார்கள்.

"ஐயோ, எர்ல்! எந்திரிச்சு வர்றாங்க!" என்று அலறிக்கொண்டு அந்த அம்மாள் ஓட, அவள் கணவர் பின்னால் ஓட, கார் அருகில்தான் பிடித்தேன்.

"பயப்படாதீங்க, நான் உயிரோடதான் இருக்கேன். செர்னி ரோட்டுக்கு அந்தப் பக்கம், சோளக்காட்டுல இருக்காரு. இங்க கிழங்குதான் இருக்கு."

"அப்ப நாங்க இவ்வளவு நேரம் ஜெபம் பண்ணது?"

"கிழங்குக்குத்தான்."

அந்த எர்ல் சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்தன. உள்ளே அழைத்துக் காபியும் கசகசா வைத்துச் சுட்ட கொலாச்சி பன்னும் கொடுத்தேன். இருட்டும்வரை இருந்தார்கள். "தனியாவா இருக்கீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள். இன்னொரு கொலாச்சி எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

பலகையை வைத்த வரலாற்றுச் சங்கத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டால், "எழுத்தெல்லாம் இரும்புல வார்த்தது, மிஸஸ் வோன்ட்ராக். மாத்த முடியாது. வேணும்னா உங்க மேட்டைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்களேன்" என்கிறான் ஒருவன். ஆகவே இக்கடிதத்தை முழுமையாக வெளியிட்டு, பனி விழுமுன் அந்தப் பலகையை அகற்ற வற்புறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். இறைவன் தங்கள் இல்லத்தையும் அச்சகத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
பிலோமினா வோன்ட்ராக்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சங்கத்து ஆள் வந்தார். திங்கட்கிழமை பலகையை எடுத்துவிடுகிறோம் என்று காரை நிறுத்தாமலேயே சொல்லிவிட்டுப் போனார். அடால்ஃப் போனபின் இந்த முற்றத்துக்குள் வந்தவர்கள் எல்லோரும் செர்னியைத் தேடி வந்தவர்களே. எனவே மேலே உள்ள எதையும் அச்சிட வேண்டாம். பலகை அங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் நீங்கள் எழுதுங்கள். அதிலுள்ள தவறை வருகிறவர்களிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். இதற்குச் சம்மதமா என்று திங்கட்கிழமைக்கு முன் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.