ரிவர்ஸ்காரரும் பஞ்சர் கடைக் கல்லும்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வண்டியை முன்னால் ஓட்டியதைவிடப் பின்னால் ஓட்டியதே அதிகம் என்று மார்தட்டிக்கொள்ளத் தகுதியுள்ள டிரைவர் ஒருவர்தான் உண்டு. அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் எங்கோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ரிவர்ஸ்காரர்.

அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே பல்லைக் குடைவார்கள், மேலே நாங்கள் ஊர்களைக் குடைவோம். வட்டார வளர்ச்சித் திட்டம் போடுவதற்கு முன்னால், இந்தப் பகுதியில் இருக்கும் பழைய கல், கிணறு, மண்டபம், பாலம் எல்லாவற்றையும் நேரில் பார்த்து, அளந்து, படம் எடுத்து, படிவம் நிரப்பிப் பட்டியல் தயாரிப்பது எங்கள் வேலை. பட்டியலில் ஏறிய கல்லுக்கு ஒரு எண் கிடைக்கும். எண் கிடைத்தால் வருகிற சாலை வளைந்து போகும். கிடைக்காவிட்டால் சாலை நேராகப் போகும், கல் போய்ச் சேரும். படிவம் நிரப்புகிறவள் நான். வண்டி ஓட்டுகிறவர் அவர்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. ஜேடர்பாளையத்தில் காவிரிக் கரையில் ஒரு பழைய படித்துறையை அளக்கப் புறப்பட்டோம். நாமக்கல்லைத் தாண்டியதும் வண்டி நின்றது. பிறகு பின்னால் போக ஆரம்பித்தது.

“அண்ணா, எதுக்குப் பின்னால போறீங்க?”

“ஒரு கல்லு பாத்தாப்பல இருந்துச்சுங்க அம்மிணி.”

அது மைல்கல். இறங்கித் தடவிப் பார்த்துவிட்டு ஏறினார். அடுத்த நிறுத்தத்தில் உடைந்த ஆட்டுக்கல். அதற்கடுத்தது கல்லே இல்லை, படுத்திருந்த எருமை. காலையில் கிளம்பிய நாங்கள் படித்துறைக்குப் போனபோது சூரியன் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே குளித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கடைசி பஸ்ஸில் வந்த சுற்றுலாக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வண்டியில் அவர் வைத்திருந்த சொத்து மூன்று. ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், ஒரு கைப்பிடி தேங்காய் நார், மூங்கில் சீவல்கள் ஒரு கட்டு. எந்தக் கல்லைக் கண்டாலும் முதலில் குளிப்பாட்டுவார். ஈரத்தில்தான் எழுத்து தெரியும் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஒரு முறை காலி மனையில் வரிசையாக நின்ற கற்களை முழங்கால் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மனை விற்பவர் ஓடிவந்து, “நெம்பப் புண்ணியமுங்க, மீதிக் கல்லையும் கழுவிடுங்க, நாளைக்குப் பார்ட்டி வருது” என்றார். இவரும் கழுவினார். பாதியில் நிறுத்துவது அவருக்குத் தெரியாது.

ஒரு வீட்டின் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லைக் கழுவப் போனபோது அந்த வீட்டு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“கல்லக் கழுவத்தான் சேலத்துல இருந்து காரு போட்டுட்டு வந்தீங்களாக்கும்? அப்படியே இந்தக் குண்டாவையும் கழுவி வெச்சிருங்க.”

ரிவர்ஸ்காரர் குண்டாவைக் கழுவினார். வடிசட்டியையும் கழுவினார். மனம் குளிர்ந்த அந்த அம்மா, கல்லைப் புரட்டிப் பார்க்க அனுமதி கொடுத்தார். அடிப்பக்கத்தில் வாளோடு ஒரு வீரன், அவன் மேல் பாயும் பன்றி. எத்தனையோ வருடமாக அவன் முதுகில்தான் அந்தத் தெரு துணி துவைத்திருக்கிறது. எங்கள் பட்டியலின் முதல் நடுகல் அதுதான். பாத்திரம் கழுவிப் பெற்ற நடுகல் என்று படிவத்தில் எழுத எனக்கு ஆசை. அதற்குக் கட்டம் இல்லை.

எங்கள் திட்டத் தலைவர் வேறு ரகம். அவருக்கு ‘ஆதாரம்’ என்ற சொல்லின் மேல் தீராத காதல். “குட் மார்னிங் சார்” என்றால் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் பதில் சொல்வார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் எருமப்பட்டிப் பக்கத்துச் சுமைதாங்கி வந்து நின்றது.

சுமைதாங்கி என்றால் இரண்டு நட்ட கல், அவற்றின் மேல் குறுக்கே ஒரு கல். நெஞ்சுயரம் இருக்கும். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் பிறர் உதவியில்லாமல் சுமையை அதன் மேல் இறக்கி, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு போகலாம். இந்தக் கல் ஒரு பஞ்சர் கடைக்கு முன்னால் நின்றது. கடைக்காரர் அதில் டியூப்களைத் தொங்கவிட்டு, குறுக்குக் கல்லின் முகத்தில் மஞ்சள் பெயின்டில் ‘இங்கு பஞ்சர் ஒட்டப்படும்’ என்று எழுதியிருந்தார். சாலையை அகலப்படுத்த அந்த இடத்தில் ஏற்கெனவே சுண்ணாம்புக் கோடும் போட்டாகிவிட்டது.

தலைவர் என் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். “காலம் தெரியல, யார் வெச்சதுன்னு தெரியல. எழுத்து இல்லாத கல்லுக்கு எண் கிடையாது.”

“எழுத்து இருக்குதுங்க சார்” என்றார் வாசலில் நின்ற ரிவர்ஸ்காரர்.

“என்ன எழுதியிருக்கு?”

“இப்பத்திக்கு பஞ்சர் ஒட்டப்படும்னு இருக்குதுங்க. அடியில வேற இருக்குது. வெரல்ல தட்டுப்படுது.”

“விரல் ஆதாரம் ஆகாது.”

அன்று மதியம் வேறோர் ஊருக்கு அளக்கப் போனோம். வழியில் ஒரு கல்லுக்கும் வண்டி நிற்கவில்லை. எனக்கே பயமாகப் போய்விட்டது. “ஒரு கல்லுக்கு ஏண்ணா இவ்வளவு?” என்று கேட்டேன்.

எங்களிடம் வருவதற்கு முன்னால் அவர் போர்வெல் ரிக் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். திருச்செங்கோட்டு ரிக் போகாத மாநிலம் ஏது? வடக்கே எங்கோ ஒரு தோட்டத்தில், துளை போட வண்டியைப் பின்னால் எடுத்தபோது, நட்டு வைத்திருந்த ஒரு கல்லின் மேல் டயர் ஏறிவிட்டது. கல் இரண்டாக உடைந்தது.

“அந்த ஊட்டு அம்மா ஓடியாந்து ரெண்டு துண்டையும் சேத்து வெச்சுப் பாத்தாங்க அம்மிணி. திட்டல, அழுவல. ஒட்டுமான்னு என்னையக் கேட்டாங்க. பாஷை தெரியாது, கையக் காட்டித்தான் கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்றது? அது யாரு கல்லு, எதுக்கு வெச்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.” கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: “இது ஒண்ணையாவது தெரிஞ்சுக்கோணும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல், பஞ்சர் கடை பூட்டியிருக்கும் நேரமாகப் பார்த்து, அவர் விடுமுறையை எருமப்பட்டிச் சாலையில் கழித்தார். வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, மூங்கில் சீவலால் பெயின்டை மட்டும் உரித்து எடுத்தார். கல்லில் கீறல் விழக்கூடாது என்பதால் ஒரு நாளைக்கு ஒரு சாண்தான் நகரும். மூன்றாவது ஞாயிறு நானும் போனேன். நல்ல வேளை, பஞ்சர் கடைக்காரர் அவரைக் கையும் களவுமாகப் பிடித்த நாள் அது.

“ஏனுங்க, என்ர கடை போர்ட அழிக்கறது நீங்கதானா?”

“அழிக்கலீங்க. அடியில இருக்கறதப் படிக்கறனுங்க.”

“மொத வாரம் ‘இங்கு’வக் காணோம். போன வாரம் ‘பஞ்சர்’ காணோம். ‘ஒட்டப்படும்’னு மட்டும் நிக்குது. நேத்து ஒருத்தரு அறுந்த செருப்போட வந்து நிக்கறாருங்க!”

“கோவிச்சுக்காதீங்க சாமி. தகரத்துல புது போர்டு நானே எழுதித் தாரேன். இதவிட ரெண்டு மடங்கு பெருசா.”

சொன்னபடி மறு வாரமே எழுதிக் கொடுத்தார், அதுவும் இரண்டு பக்கமும். ரிவர்ஸில் வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டுமாம். கடைக்காரருக்குப் போர்டு பிடித்துப்போய், கடைசிச் சொல்லை உரிக்க அவரே வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

பெயின்ட் முழுக்கப் போன அந்தச் சாயங்காலம், சாய்ந்த வெயிலில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கடைக்காரர்தான் விரல் வைத்துப் படித்தார். “பா... வா... யி. பாவாயி. யாருங்க இது?”

“செத்துப்போன புள்ளையா இருக்குமுங்க. வயித்துல குழந்தையோட போயிட்டா, அவ பேருல இப்படி ஒண்ணு நட்டு வெப்பாங்க. அவ எறக்கி வெக்காத சுமைய மத்தவங்களாச்சும் எறக்கி வெக்கட்டும்னு” என்றார் ரிவர்ஸ்காரர்.

கடைக்காரர் தொங்கிக்கொண்டிருந்த டியூப்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கடைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

மறுநாள் காலை நான் எடுத்த படங்களோடு தலைவருக்காகக் காத்திருந்தேன். அவர் வருவதற்குள் ரிவர்ஸ்காரர் போன் செய்தார். “அம்மிணி, பஞ்சர் கடைக்காரரு கூப்பிட்டாருன்னு வந்தேன். ஜேசிபி வந்திருச்சு. நம்ம வண்டிய கல்லுக்கு முன்னால ரிவர்ஸ்ல போட்டிருக்கறனுங்க. சாரக் கூட்டிட்டு வாங்க.”

எதில் கூட்டிப்போவது? அலுவலகத்துக்கு இருந்த ஒரே வண்டி ஜேசிபிக்கு முன்னால் நிற்கிறது. தலைவர் வந்ததும் அவரை பஸ்ஸில் ஏற்றினேன். அவர் பஸ் ஏறிப் பல வருடம் ஆகியிருந்தது. “இது எருமப்பட்டி போகும்கறதுக்கு என்ன ஆதாரம்?” என்று கண்டக்டரிடம் கேட்டார். கண்டக்டர் சொன்ன பதிலைப் பத்திரிகையில் எழுத முடியாது.

நாங்கள் இறங்கியபோது அங்கே திருவிழாக் கூட்டம். சாலை மேற்பார்வையாளர் எங்கள் வண்டியின் ஜன்னலில் தலையை விட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

“வண்டிய முன்னால எடுய்யா!”

“கியர் மாட்டிக்கிச்சுங்க. ரிவர்ஸ் மட்டுந்தான் விழுகுது. பின்னால எடுத்தா கல்லு மேல ஏறிருமுங்க. நான் என்னத்தப் பண்றது சொல்லுங்க?”

ஜேசிபி ஓட்டுநர் பஞ்சர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு யார் ஜெயித்தாலும் சரி.

தலைவர் நேராகக் கல்லிடம் போனார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார். “எழுத்து எங்கே?”

நேற்று எடுத்த படங்களை நீட்டினேன்; “இது இந்தக் கல்லுதான்கறதுக்கு என்ன ஆதாரம்?” என்று தள்ளிவிட்டார். உச்சி வெயில். நிழல் இல்லாத கல்லில் எழுத்தும் இல்லை. நேற்று அத்தனை தெளிவாக இருந்த பாவாயி இருந்த இடம் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றினோம், ஊற்றிய வேகத்தில் காய்ந்தது. மேற்பார்வையாளர் சிரித்தார். “பாத்தீங்களா சார்? சும்மா கல்லு.”

ரிவர்ஸ்காரர் வண்டியிலிருந்து இறங்கினார். பலமுறை பின்னால் போய்ப் பலவற்றில் இடித்ததால் வண்டியின் பக்கக் கண்ணாடி ஒரே திருகாணியில் ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒரு முறுக்கு முறுக்கிக் கையோடு எடுத்தார். சாலையின் அக்கட்டால, எதிர்ப்பக்கம் போய் நின்று, வெயிலைக் கண்ணாடியில் வாங்கிக் கல்லின் முகத்தில் பக்கவாட்டில் பாய்ச்சினார். கடைக்காரர் ஓடிவந்து ஒரு தார்ப்பாயைப் பிடித்து மேல்வெயிலை மறைத்தார். 

“அம்மிணி, பாருங்க, வருதுங்களா?”

வந்தது. மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வருவது போல ஒவ்வொரு எழுத்தும் நிழல் கட்டி எழுந்தது. தலைவர் பள்ளிப் பிள்ளை போல உரக்கப் படித்தார். “பாவாயி... சுமை... தாங்கி.” இன்னொரு முறையும் படித்தார். இம்முறை மெதுவாக, தனக்காக.

பிறகு கக்கத்தில் வைத்திருந்த ஃபைலைக் குறுக்குக் கல்லின் மேல் வைத்து, பேனாவை எடுத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

“சார், என் பிளான்ல இப்படி ஒண்ணு இல்லவே இல்ல” என்றார் மேற்பார்வையாளர்.

“இப்ப இருக்கு. எண் வேணும்னா எழுதிக்குங்க.”

வண்டியின் கியர் அந்தக் கணமே சரியாகிவிட்டது. மேலிடத்திலிருந்து முறையான உத்தரவு வரச் சில மாதங்கள் ஆயின. அதுவரை வாரத்துக்கு ஒரு முறை ரிவர்ஸ்காரர் அந்தப் பக்கம் போய்ச் சுண்ணாம்புக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். ஒரு வழியாக நகர்ந்தது. இன்று அந்தச் சாலை அந்த இடத்தில் லேசாக இடுப்பை வளைத்துப் போகிறது.

திட்டம் முடிந்து அலுவலகத்தையும் மூடியாயிற்று. எங்கள் அறைகளிலும் இப்போது பல்தான் பிடுங்குகிறார்கள். ரிவர்ஸ்காரர் நாமக்கல்லிலிருந்து முட்டை லாரி ஓட்டுகிறார். முட்டை ஏற்றிய லாரியை அடிக்கடி பின்னால் எடுக்க முடியாதே, என்ன செய்வார் என்று கவலைப்பட்டேன். நிறுத்திவிட்டு இறங்கி நடந்தே போகிறாராம். தினமும் காலை ஏழு மணிக்கு என் போனுக்கு ஒரு கல்லின் படம் வருகிறது. பாலக்காட்டுப் பக்கத்துக் கல், ஓசூர்ப் பக்கத்துக் கல், சில நாள் எருமையும் வரும். கீழே ஒரே கேள்வி: ‘இது எந்தக் காலம் அம்மிணி?’ பாதிக்கு மேல் எனக்கும் தெரியாது.

பூ படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிறவர்கள் எல்லாரையும் ம்யூட் செய்து வைத்திருக்கிறேன். ஏழு மணிக்குக் கல் வராவிட்டால், ஏழே காலுக்கு நானே போன் செய்துவிடுகிறேன்.