அம்மாவின் மேசைக்குத் தோல் மாற்றினேன்

வளைந்த பொருள்களைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் என் தொழில். தினமும் எல்லைப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறேன். தரப் பரிசோதனைப் பிரிவு. ஒரு தகடு அரை மில்லிமீட்டர் வளைந்திருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டி வந்த வழியே அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட நான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பதினெட்டு மில்லிமீட்டர் வளைத்தவள் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். (அளந்தேன். அளக்காமல் இருக்க எனக்குத் தெரியாது.)

அக்காவுக்கு, குடியிருக்கும் ஊரான பாலோவில், ஆண் குழந்தை பிறந்தது. பத்தியம் பார்க்க அம்மா அங்கே போய்விட, ஸ்கூடாய் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினேன். வெளியே மழை. எதிர்வீட்டு ரம்புத்தான் மரம் மழைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. முதலில் கிளைகள் போயின, பிறகு பச்சை போயிற்று, கடைசியில் பழங்களின் சிவப்புப் புள்ளிகள் மட்டும் ஆகாயத்தில் தொங்கின. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. குக்கர் எப்போது வெறும் மேசைமேல் போய் உட்கார்ந்தது என்றும் தெரியவில்லை. எடுத்தபோது மேசையில் வட்டமாக ஒரு கொப்புளம். விரலால் அழுத்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது.

பார்வைக்குத்தான் அது தேக்கு மேசை. உள்ளே ஒட்டுப்பலகை, மேலும் கீழும் தேக்கைக் காகித மெல்லிசாகச் சீவி ஒட்டியிருப்பார்கள். வெனீர் என்பார்கள். மரத்துக்குத் தோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு மேசையாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அக்காவின் மாமனார் மூவாரில் மேசை நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலையில், வெனீர் ஒட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் மேசையைத் தட்டிப் பார்ப்பார். அக்காவைப் பெண் கேட்டு வந்த அன்று எங்கள் மேசையைத் தட்டிவிட்டு, நல்ல சாமான் என்றார். அக்கா வாங்கிய பட்டத்தைவிட அந்தச் சொல்லைத்தான் அம்மா சொந்தக்காரர்களிடம் அதிகம் சொல்லியிருக்கிறார். முப்பதாம் நாள் குழந்தைக்குப் பெயர் வைத்து எங்கள் வீட்டில்தான் விருந்து. அந்த மாமா வருவார். தட்டுவார். அம்மாவின் பெருமை அந்த ஒரு தட்டில் இருந்தது; எனக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

மேசையைச் சரிசெய்ய இருபத்தேழு வரியில் பட்டியல் போட்டேன். அப்பா அதைப் படித்துவிட்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்று அறிவித்து, பத்திரிகையோடு வாசலுக்குப் போய்விட்டார். ஐந்தாவது வரியிலேயே சிக்கல். கடையில் கிடைத்த வெனீர் எல்லாம் வெளிறிக் கிடந்தது. எங்கள் மேசை பத்து வருடம் எங்களோடு இருந்து பழுத்த நிறம். யோசிக்கத் தரையில் படுத்தேன். அண்ணாந்து பார்த்தால், மேசையின் அடிப்பக்கம். அதே தேக்கு, அதே பழுத்த நிறம், ஒரு கீறல் இல்லை. மர வரிகள் சாயங்கால ஆறு மாதிரி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. கீழ்த்தோலை உரித்து மேலே ஒட்டினால் என்ன? என் வாழ்க்கையிலேயே ஆக அழகான யோசனை அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

பட்டியலின் பத்தொன்பதாவது வரி இப்படி இருந்தது: மேலே ஒட்டினால் கீழேயும் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பலகை வளையும். என் கையெழுத்துதான். வாசலுக்குப் போய் அப்பாவிடம் கருத்துக் கேட்டேன். பத்திரிகையை இறக்காமலே பதில் வந்தது.

"கீழ யாரும்மா படுத்துப் பாக்கப் போறாங்க?"

அளவுகோல் வைத்து நேர்க்கோடு போட்டு அந்த வரியை அடித்தேன். (கோடு மட்டும் வளையவில்லை.)

மேசைப்பலகையைக் கழற்றிக் கவிழ்த்து, ஈரத்துண்டு விரித்து, துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினேன். ஆவி எழும்ப, மழையில் நனைந்த மரத்தூள் வாசனை வீட்டை நிறைத்தது. கத்தியை நுழைத்து நகர்த்த நகர்த்த, தோல் முழுசாகக் கழன்று என் கைகளில் சேலை மாதிரி சரிந்தது. மேல்பக்கத்தைச் சுரண்டி, பசை தடவி, ஈரம் காயும் முன்பே அதை விரித்தேன். மேலே ஒரு பலகை. பலகைமேல் விருந்துக்கு வாங்கிவைத்த ஆறு அரிசி மூட்டைகள். மூன்று நாள் கழித்து மூட்டைகளை இறக்கினால் ஒரு குமிழி இல்லை, ஒரு மடிப்பு இல்லை. மெருகு பூசிக் கால்களில் பொருத்திவிட்டு, எதிரே நாற்காலி போட்டு ஒரு முழுச் சாயங்காலம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதிலிருந்து நான்காம் நாள் காலை, கோப்பையில் தேநீர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் தூக்கத்தில் இருக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தால் நடுவில் நான்கு மில்லிமீட்டர் பள்ளம். அடுத்த நாள் ஒன்பது. ஈரமாக ஒட்டிய தோல் காயக் காயச் சுருங்கிப் பலகையை மேலே இழுக்கிறது. கீழே பதிலுக்கு இழுக்க ஒன்றும் இல்லை. இது எனக்குப் பாடமாகவே வந்தது, தேறியும் இருக்கிறேன். பதறிப்போய் வெயிலில் வைத்தேன், மேல்பக்கம் மேலாக. அது இன்னும் காய்ந்து இன்னும் இழுத்தது. பதினெட்டில் போய் நின்றது. மேசை ஒரு பெரிய தாம்பாளமாகிவிட்டது.

விருந்தன்று காலை அம்மா, அக்கா, குழந்தை, மாமா எல்லாரும் சேர்ந்து வந்து இறங்கும் முன்பே வெள்ளை மெழுகுத்துணி விரித்து இலையும் போட்டுவிட்டேன். மாமா மேசையைத் தட்டக் கையை ஓங்கினார். அந்தக் கையில் தண்ணீர்க் குவளையை வைத்தேன். சோறு அமைதியாகப் போனது. சாம்பார் கெட்டி, இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகு ரசம் வந்தது.

மாமா இலையில் ஊற்றிய ரசம் சோற்றைச் சுற்றிக்கொண்டு கிளம்பியது. எதிரே அப்பா இலையிலிருந்தும் ஒன்று புறப்பட்டது. நாலா பக்கத்திலிருந்தும் அவசரமே இல்லாமல் வந்து, மேசை நடுவில் கூடின. அங்கே ஒரு குளம். அதில் ஒற்றைக் கொத்தமல்லி இலை மிதந்து மெல்லச் சுற்றியது. என்னைத் தவிர எல்லாருமே அதை ரசிக்கத் தவறினார்கள்.

மாமா துணியை விலக்கி, இடது உள்ளங்கையால் பலகையைத் தடவினார். அப்புறம், சோற்றுக் கையை ஒதுக்கி நீட்டியபடி, மேசைக்கு அடியில் போனார். அப்பா பாயசத்தைப் பார்த்தார். கீழேயிருந்து குரல் வந்தது.

"சம்பந்தி, அடியில ஒண்ணுமே இல்லியே. யாரோ தோல உரிச்சிட்டாங்க லா."

அம்மா என்னைப் பார்த்தார். பத்து விநாடி இருக்கும். என் முகத்திலேயே இருபத்தேழு வரியையும் படித்து முடித்தார்.

"நாந்தாண்ணே அப்படிச் செய்யச் சொன்னேன்," என்றார் அம்மா. "ரசம் யாரு மடியிலயும் வடியக்கூடாது பாருங்க."

மாமா வெளியே வந்தார். சுற்றியிருந்த மடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சுத்தம்.

"அதுவும் சரிதான்," என்றவர் மேசையைத் தட்டினார். "மேல ஒட்டுனது யாரு? ஒரு குமிழி கூட இல்ல."

"சின்னவதான்," என்றார் அம்மா. அதற்குப் பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

மாமா இந்த விசேஷ மேசையைப் பற்றி மூவார் முழுக்கச் சொல்லிவிட்டார். அதனால் அதைச் சரிசெய்யவும் வழியில்லை; ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து குனிந்து பார்த்து நலம் விசாரிக்கிறார். பெயர் வைக்கப்பட்ட அந்தப் பிள்ளைக்கு இப்போது நான்கு வயது. எங்கள் வீட்டில்தான் அதிகம் வளர்ந்தான். போன மாதம் பாலோவில் தன் வீட்டு மேசையில் ஓர் ஆரஞ்சை வைத்திருக்கிறான். அது உருண்டு தரையில் விழுந்தது. எடுத்து வைத்தான், மறுபடி விழுந்தது. நேரே அக்காவிடம் போய்ச் சொன்னானாம். நான் தலைகாட்டும் இடமெல்லாம் இப்போது இதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள்:

"ம்மா, நம்ம மேசை கெட்டுப்போச்சு. சித்தியக் கூப்பிடு, அவங்களுக்குத்தான் சரி பண்ணத் தெரியும்."