இடது கை பட்ட சர்வர்

அலைஞானி வருகிறார் என்றால் அந்த அலுவலகத்தில் ஏசியை நிறுத்திவிடுவார்கள். ஞானிக்கு வியர்த்தால்தான் அலை இறங்குமாம். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, லிப்ட் கதவையே பார்த்தபடி வரிசையில் நிற்பார்கள். எல்லோரும் பட்டதாரிகள். சிலர் இரண்டு பட்டம் வாங்கியவர்கள். அவர்களுக்கு இரண்டு மடங்கு வியர்த்தது.

அந்த நிறுவனம் ஒரு வலைத்தளம் நடத்தியது. ஊரின் பெயரைத் தட்டினால் அங்கே இருக்கும் மருத்துவர்களின் பட்டியலும், யாருக்கு எப்போது நேரம் காலி என்பதும் வரவேண்டும். வரும். என்ன, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். காய்ச்சலோடு உட்கார்ந்து தட்டியவருக்குப் பட்டியல் வருவதற்குள் காய்ச்சல் தானாகவே இறங்கிவிடுகிறது என்று மருத்துவமனைகள் முறையிட்டன. அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு.

முதலாளி தன் மச்சானைக் கூப்பிட்டார். மனைவியின் தம்பி, நிரலாளர்களுக்கெல்லாம் தலைவர். தளத்தின் நிரலில் பாதி அவர் கைப்பட எழுதியது.

"ஏன் மச்சான் இவ்வளவு மெதுவா வருது?"

மச்சான் யோசித்தார். நிரலைத் திறந்து பார்த்திருக்கலாம். போனைத் திறந்தார். "எனக்கு ஒருத்தரைத் தெரியும் அத்தான். கம்ப்யூட்டரோட அலைவரிசையைச் சரி பண்றவர். பெரிய பெரிய கம்பெனியில எல்லாம் இவர் வராம சர்வரைத் தொட மாட்டாங்களாம்."

எந்தப் பெரிய கம்பெனி என்று முதலாளி கேட்கவில்லை. பெரிய என்ற சொல்லே அவருக்குப் போதும்.

முதல் வருகையிலேயே ஞானி வித்தையைக் காட்டினார். "முதல்ல எல்லாரும் அவங்கவங்க கம்ப்யூட்டர்ல இந்த ஊர்ப் பக்கத்தைத் திறங்க. நோயைக் கண்ணால பாத்துக்கங்க" என்றார். திறந்தார்கள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகப் பட்டியல் வந்தது. ஞானி கண்ணை மூடி, சுவரோரம் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்த பெட்டியின்மேல் இரண்டு விரலை வைத்து, மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். கொசு ஒன்று காது வழியாக உள்ளே போக இடம் கேட்பதுபோல் இருந்தது.

"இப்பத் திறங்க."

தட்டிய மாத்திரத்தில் பட்டியல் வந்து விழுந்தது. அறையே வாயைப் பிளந்தது. மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் வாய் மூடியிருந்தது. டேட்டாபேஸ் அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடும் மனிதர். தகவல்களை அடுக்கி வைக்கும் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. நல்ல உழைப்பாளி, கூச்ச சுபாவி. அன்றைக்கு என்னவோ கேட்டுவிட்டார்.

"ஐயா, நீங்க தொட்டது இன்டர்நெட் வயர் வர்ற பெட்டி. நம்ம தளம் ஓடற கம்ப்யூட்டர், அந்த சர்வர், இங்க இல்லையே. வாடகைக்கு எடுத்தது, வேற நாட்டுல இருக்கு."

ஞானி கண்ணைத் திறந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அலைக்கு ஏது தம்பி தூரம்?" என்றார். கூட்டம் தலையை ஆட்டியது. தூரமே இல்லாத அலைக்கு இவர் எதற்காக வாடகைக் கார் பிடித்து மூன்றாம் மாடிவரை ஏறி வரவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். எனக்கும் வேலை மிச்சம்.

ஞானி லிப்டில் இறங்கிக் காரில் ஏறுவதற்குள் பக்கம் பழையபடி நொண்ட ஆரம்பித்தது. அடுத்த முறையும் அப்படித்தான். வந்தார், திறக்கச் சொன்னார், மூக்கால் பாடினார், வேகம் வந்தது. அவர் போனார், வேகமும் கூடவே போனது. "அருள் ஏன் நிக்க மாட்டேங்குது?" என்று முதலாளி கேட்டார். மருந்து நிற்கவில்லை என்றால் மருத்துவரைச் சந்தேகிப்பது உலக வழக்கம். இங்கே நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடினார்கள்.

ஞானி அறையை ஒரு சுற்று சுற்றினார். டேட்டாபேஸ் அண்ணனின் மேசையருகே நின்றார். மவுஸ் இடது பக்கம் இருந்தது.

"இவருக்கு இடது கையா?"

"ஆமாங்க" என்றார் மச்சான்.

"அதான். நான் அலையை வலமா சுத்தி விடறேன், இவர் இடமா சுத்தி எடுத்துடறார். இவர் இங்க இருக்கற வரைக்கும் அருள் தங்காது."

இடது கைக்காரர் ஆறு வருடமாக அதே மேசையில், அதே கையால் வேலை பார்க்கிறார். இந்தப் பக்கத்தின் கோளாறு என்ன என்று மச்சானிடம் இரண்டு தடவை சொல்லியும் இருக்கிறார். "பட்டியலை எடுத்துட்டு, அப்புறம் ஒவ்வொரு டாக்டருக்கும் நேரம் காலியான்னு தனித்தனியா போய்க் கேக்குது நம்ம நிரல். நூறு டாக்டர்னா நூறு தடவை. ஒரே தடவையில எல்லாருக்கும் சேத்துக் கேட்டுடலாம். நாம நிரல் எழுத வெச்சிருக்கற கருவியிலயே அதுக்கு வழி இருக்கு, ஒரு வரி மாத்தினாப் போதும்" என்றார். உப்பு வாங்க ஒரு தடவை, சர்க்கரை வாங்க ஒரு தடவை, சோப்பு வாங்க ஒரு தடவை என்று கடைக்கு நடந்தால் எந்த வீட்டில் சமையல் நேரத்துக்கு முடியும்? மச்சான் "பாக்கலாம்" என்றார். பார்க்கவில்லை. ஒரு வரியில் தீர்கிற கோளாறில் என்ன மரியாதை இருக்கிறது?

வாரக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி முதலாளி டேட்டாபேஸ் அண்ணனிடம் சொன்னார். குரலில் வருத்தம் இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. கைதான்."

அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணனின் மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அப்பாவைப்போலவே இடது கை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து, பென்சிலை உருவி அவளுடைய வலது கையில் வைத்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் மனைவி.

அவர் கையை இழுத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. குழந்தை அப்பாவைப் பார்த்தது, பென்சிலைத் திரும்ப இடது கைக்கு மாற்றிக்கொண்டு சூரியனுக்குக் கதிர் போட்டது. மூடநம்பிக்கை என்றால் வேடிக்கை என்று நினைக்கிறவர்கள் அந்த மனிதரின் முகத்தை ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த அலுவலகத்தில் பிழை கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு பெண்மணி இருந்தார். யார் எதைச் சொன்னாலும் "பார்ப்போம்" என்பார். முடிந்தது என்றால் பார்ப்போம், சரியாகிவிட்டது என்றால் பார்ப்போம். அதனால் பெயரே பார்ப்போம் அக்கா என்று ஆகிவிட்டது. விடுப்பு முடிந்து வந்தவர் நடந்ததைக் கேட்டார். நேராக முதலாளி அறைக்குப் போனார்.

"சார், நம்ம கம்பெனியில எது வெளிய போனாலும் நான் சோதிச்சுப் பாத்தப்புறம்தானே போகுது?"

"ஆமா. அது நான் போட்ட விதி."

"அப்ப மனுஷனை மட்டும் சோதிக்காம வெளிய அனுப்பலாமா?"

முதலாளி தலையைச் சொறிந்தார். விதி அவருடையது, மீற முடியவில்லை. ஞானிக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஏசி நின்றது.

ஞானி வந்தார். விரல்களை நீவிவிட்டுக்கொண்டார். "எல்லாரும் பக்கத்தைத் திறந்து நோயைப் பாருங்க."

"வேண்டாங்க" என்றார் அக்கா. "நோயைத்தான் தினம் பாக்கறோமே. இன்னைக்கு நேரா மருந்தைக் கொடுங்க. இவ்வளவு நாள் ஒரே ஊர்ப் பக்கத்தைத்தான் திறந்தீங்க. இன்னைக்குக் காலையிலேருந்து யாருமே திறக்காத ஊர் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். நீங்க அருள் கொடுங்க, அப்புறம் திறக்கறோம்."

"நோயைக் காட்டாம அருள் இறங்காதும்மா."

"அலைக்குத் தூரமே இல்லைன்னீங்களாமே. வேற நாட்டுல இருக்கற சர்வர் தெரியுது, இந்த ஊர்ப் பக்கம் தெரியாதா?"

முதலாளி குறுக்கே வந்தார். "கொடுத்துடுங்க ஐயா. இவங்களும் வாயை மூடிக்குவாங்க."

ஞானி மூக்கால் பாடினார். வழக்கத்தைவிட நீளமாகவே பாடினார். அக்கா பக்கத்தைத் திறந்தார். வட்டம் சுற்றியது. எல்லோரும் வட்டத்தைப் பார்த்தார்கள். அது யாரையும் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா?" ஞானி கையை நீட்டினார். "அவர் உள்ள நிக்கறார்."

"சரி" என்றார் அக்கா. "அண்ணா, நீங்க கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க." டேட்டாபேஸ் அண்ணன் மாடிப்படி வரைக்கும் போனார். கதவைச் சாத்தினார்கள். "இன்னொரு ஊர். இதையும் யாரும் திறக்கல. கொடுங்க ஐயா."

ஞானி கொடுத்தார். அக்கா திறந்தார். வட்டம் சுற்றியது. அதே சோம்பல், அதே நிதானம். ஒருவழியாகப் பட்டியல் வந்து சேர்ந்தது. அறையில் யாரோ இருமினார்கள்.

அக்கா கதவைத் திறந்தார். "அண்ணா, உள்ள வாங்க. இப்ப நாங்க பாத்த இதே ஊர்ப் பக்கத்தை உங்க கம்ப்யூட்டர்ல நீங்க திறங்க. இடது கையாலயே திறங்க. ஐயா, நீங்க தயவுசெஞ்சு பாடாதீங்க."

இடது கை மவுஸை அமுக்கியது. பட்டியல் வந்து விழுந்தது.

முதலாளி இடது கையைப் பார்த்தார், ஞானியைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் அக்கா. "முதல் ஆள் கேக்கறப்போ சர்வர் பாடுபட்டுப் பக்கத்தைத் தயார் பண்ணுது. பண்ணினதைக் கொஞ்ச நேரம் கையிலயே வெச்சுக்குது. அதுக்குள்ள ரெண்டாவது ஆள் கேட்டா அதையே எடுத்துக் கொடுத்துடுது. நேரம் ஆனதும் தூக்கிப் போட்டுடுது. அதான் இவர் கார் ஏறினதும் அருள் போயிடுது. இவர் பாடறதுக்கு முன்னாடி நாமளே ஒரு தடவை திறந்து, தயார் பண்ணி வெச்சுட்டு நின்னோம்."

"கொஞ்ச நேரம் கையில வெச்சுக்கோன்னு சர்வருக்கு யார் சொன்னது?" என்றார் முதலாளி.

அக்கா நிரலைத் திறந்து அந்த வரியைக் காட்டினார். ஒரே வரி. எழுதியவர் பெயரும் பக்கத்திலேயே இருந்தது. மச்சான் தன் பெயரைத் தானே படித்தார். போன வருடம் எழுதிய வரி, மறந்துவிட்டார். தான் எழுதிய வரி வேலை செய்வதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் கண் கலங்கியிருக்கிறார்.

எல்லோரும் ஞானி பக்கம் திரும்பினார்கள். ஞானிக்கு இப்போதுதான் நிஜமாக வியர்த்தது. ஆனால் அசரவில்லை.

"என்னை ஏன் பாக்கறீங்க? ஒரு தடவை திறந்தா மறு தடவை வேகமா வரும்னு எனக்கு முந்தியே தெரியும். பாதிக் கம்பெனியில அப்படித்தான் நடக்குது. நான் எதையும் மறைக்கல. உங்க முன்னாடிதான் திறக்கச் சொன்னேன். திறந்தது நீங்க. ஏன் முதல்ல திறக்கணும்னு இத்தனை படிச்சவங்கள்ல ஒருத்தர் கேட்டிருந்தா நான் அன்னைக்கே போயிருப்பேன்."

அந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. சொல்லிவிட்டு லிப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கினார். யாரோ ஏசியைப் போட்டார்கள்.

டேட்டாபேஸ் அண்ணன் தான் முன்பே சொன்ன அந்த ஒரு வரியை அன்றைக்கே மாற்றினார். நூறு தடவை போய்க் கேட்ட நிரல் இப்போது சேர்த்து ஒரே தடவையாகக் கேட்டது. அக்கா "பார்ப்போம்" என்று யாரும் திறக்காத ஊர்களாகப் பார்த்துத் தட்டினார். முதல் தட்டலிலேயே வந்தது. முதலாளி அண்ணனின் தோளைத் தட்டி, "நீங்க எங்கயும் போக வேண்டாம்" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாய்வரை வந்து திரும்பிப் போய்விட்டது. அண்ணன் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார்.

எல்லாம் சுபம் என்று அக்கா மறுநாள் காலை உள்ளே வந்தார். வந்தவர் நடுவழியில் நின்றுவிட்டார். நாலைந்து மேசைகளில் மவுஸ் இடது பக்கம் மாறியிருந்தது. மச்சான் மேசையிலும்.

"என்ன இது?"

மச்சான் நெளிந்தார். "இல்ல, அவர் தொட்டதும் எப்படி வந்துச்சு பாத்தீங்கல்ல. அந்தக் கையில ஏதோ இருக்குன்னு பசங்க சொல்றாங்க. மாத்தி வெக்கறதுல நமக்கு என்ன நஷ்டம்?"

அண்ணன் மேசையை மட்டும் விட்டுவிட்டு அக்கா ஒவ்வொரு மேசையாகப் போய் மவுஸை எடுத்து வலது பக்கம் வைத்துக்கொண்டே வந்தார். நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். கம்ப்யூட்டர் யோசிக்காது, அதற்கு மூளை கிடையாது, அதைக் குறை சொல்ல முடியாது. அதன் எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு என்ன சாக்கு?