நாலாம் நம்பர் பனியனுக்கு ஆள் இல்லை

திருமுல்லைவாயில்,
ஆவணி மாதம், 1988.

பந்தடிக்கப் பட்டாளத்துக்குப் போய், துப்பாக்கியோடு யாழ்ப்பாணத்தில் மாட்டிக்கொண்ட மச்சான் உத்தமனுக்கு, உன் அக்கா புருஷனும் நம் வாலிபால் டீமின் கேப்டனுமாகிய எத்திராஜ் எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம், டீமைத் தவிர.

ராணுவ டீமில் ஆடலாம் என்று ஆசை காட்டித்தானே உன்னை இழுத்தார்கள்? ஆடியிருந்தால் இந்நேரம் இந்தியா பனியன் போட்டிருப்பாய். இப்போது நீ பதுங்கு குழிக்குள் குதிக்கிறாய், இங்கே வலைக்கு மேலே குதிக்க நாதியில்லை. உன் இடத்தில் பால்ராஜை நிறுத்திப் பார்த்தேன். அவன் எகிறினால் காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு பீடிக்கட்டுகூட நுழையாது, அடித்த முதல் ஸ்மாஷ் நேராக நடுவர் மூக்கில். உடனே உன் அக்கா சாமுண்டீஸ்வரி, நீ திரும்பும்வரை உன் நாலாம் நம்பர் பனியனை எவனும் போடக்கூடாதென்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, அதற்கு மஞ்சள் தடவி வலைக் கம்பத்தில் கட்டிவிட்டாள். ஆக, ஐந்து ஆளும் ஒரு பனியனுமாக ஆவடி குவார்ட்டர்ஸ் டீமோடு மோதினோம். சும்மா விடுவார்களா? எல்லாப் பந்தையும் நீ நிற்க வேண்டிய இடத்துக்கே அடித்தார்கள். "இன்னா அண்ணாத்தே, உங்க ஆளு கையே தூக்க மாட்றாரு?" என்று ஒருவன் கேட்டானா, உன் அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு மைதானத்துக்குள் வந்தாள். "எந்தம்பி வந்தான்னா உன் வாயில ஒரு பல்லு நிக்காது, இன்னா நென்ச்சுகினு கீற?" ஆட்டம் அதோடு முடிந்தது. மானம் கப்பலேறிவிட்டது மச்சான்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் போட்டியைப் பார்க்க ஒரு ஃபாக்டரியின் ஆட்கள் வருகிறார்கள். நல்ல ஆட்டக்காரன் ஒருவனுக்கு நிரந்தர வேலை, சம்பளத்தோடு பந்து. உன் வயசுக்கு இனி இப்படியொரு சந்தர்ப்பம் வராது. மேஜர் காலில் விழுந்தாவது லீவு வாங்கு. உன் காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், மூளை உனக்கு எப்போதும் தேவைப்பட்டதில்லை. பந்தைத் தூக்கிக் கொடுக்கும் லிஃப்டராக நான் இருக்கிறேன். லிஃப்டர் குதிக்க வேண்டாம், நின்ற இடத்திலேயே கொடுப்பேன். இந்த வட்டாரத்தில் எனக்கு நிகர் எவன்? அந்த இடத்தை உயிரே போனாலும் யாருக்கும் விட மாட்டேன்.

அம்மன் உன்னை, குறிப்பாக உன் முட்டிகளை, காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தோற்றுப்போன கேப்டன்,
எத்திராஜ்.

பி.கு.: கவரை ஒட்டும்போது ஆஸ்பத்திரியிலிருந்து உன் தந்தி வந்தது. முட்டியில குண்டு, இனிமே குதிக்க முடியாதுங்கிற. உன் அக்கா அழுதுகினே கீறா. நானும்தான். மேலே எழுதினதெல்லாம் கிழிச்சுப் போடு. மொதல்ல உயிரோட ஊட்டுக்கு வா மச்சான். லிஃப்டர் எடத்துல நீ நில்லு, நின்னுகினே தூக்கிக் குடு, போதும். ஃபாக்டரிக்காரன் லிஃப்டரை எடுக்க மாட்டேன்னா உன் அக்காவை அனுப்புறேன். எனக்கு முட்டி வலின்னு டீம்ல சொல்லிட்டேன், நீ வந்து காட்டிக் குடுத்துடாதே.