வன்சென்னில் நாங்கள் பாடிய தேசிய கீதம்

தேசிய கீதத்தை அவமதித்தவன் என்று என்னைப் பற்றி லா ஷப்பலில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். நான் எந்த நாட்டின் கீதத்தையும் அவமதிக்கவில்லை. இல்லாத நாட்டுக்கு, இல்லாத கீதம் ஒன்றைப் பாடினேன். அதுவும் நெஞ்சில் கை வைத்து, சுருதி சுத்தமாக. (சுருதி பற்றி மட்டும் யாரும் என்னோடு வாதத்துக்கு வரவேண்டாம்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துநாலு வயது. பிரெஞ்சுத் தலைநகரில், லா ஷப்பல் பக்கம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் சிலர் மெட்ரோ ஏறி வன்சென் காட்டோரப் புல்வெளிக்குப் போய்க் கிரிக்கெட் ஆடுவோம். எல்லோருமே அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்கள். வாரம் முழுக்கப் பொலிஸைக் கண்டால் மெட்ரோவில் பெட்டி மாறி ஏறுகிற நாங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடுப்பைத் தோளில் வைத்து நெஞ்சு நிமிர்த்தி நடப்போம்.

அதே புல்வெளியில் கொஞ்சம் தள்ளி அமெரிக்கர்கள் சிலர் பேஸ்பால் ஆடுவார்கள். அவர்களுக்குத் தலைவன் டேவ், எங்கோ ஆங்கிலம் படிப்பிக்கிறவன். ஒருநாள் எங்கள் பந்து அவன் காலடிக்கு உருண்டு போனது. எடுத்துத் தந்துவிட்டு, "இதென்ன, பேஸ்பாலுக்குத் தாத்தாவா?" என்று கேட்டான்.

"ஓம். பேரன்தான் இன்னும் ஒழுங்காக வளரவில்லை" என்றேன். (வாய். எனக்கு வந்த வினையெல்லாம் இந்த ஒரே வாசலால் வந்ததுதான்.)

அவனுக்குச் சிரிப்பு. அடுத்த ஞாயிறே போட்டி என்று முடிவாயிற்று. ஆட்டம் அவர்களுடைய பேஸ்பால். காரணம், அது அவர்களுடைய சுதந்திர தினத்தை ஒட்டி வந்த ஞாயிறு.

நடுவராக முசியே அந்துவானை அழைத்தேன். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பிரஜை, தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கிரிக்கெட்டும் தெரியாது, பேஸ்பாலும் தெரியாது. ஆகவே பக்கச்சார்பே இருக்காது என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கினேன். உண்மைக் காரணம் அவருடைய மகள் தெரேஸ். ஃபொபூர் சேன்-தெனி தெருவில் முருங்கைக்காய் வாங்குகிற இடத்தில் அவளைச் சிலமுறை கண்டிருந்தேன். அப்பா வந்தால் கூடவே வருவாள் என்று கணக்குப் போட்டேன். வந்தாள்.

எல்லோரும் இடம்பிடித்து நின்றதும் டேவ் கையை உயர்த்தினான். "முதலில் தேசிய கீதம்."

"பந்தடிக்கிறதுக்கு முந்தித் தேசிய கீதமோ? ஆரும் செத்துப் போச்சினமோ?" என்று என் நண்பன் சிவம் காதுக்குள் கேட்டான்.

தங்கள் ஊரில் சின்ன ஊர்ச் சங்கங்கள் ஆடினாலும் இது இல்லாமல் பந்து எழும்பாது என்றான் டேவ். பிறகு தொப்பிகளைக் கழற்றி, நெஞ்சில் கை வைத்துப் பாடினார்கள்.

ஐயோ, அந்தப் பாட்டு! பாதாளத்தில் தொடங்கி ஆகாயத்தில் முடிகிற பாட்டு. உச்சிக்கு ஏறவேண்டிய இடத்தில் பாதிப்பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். ஒருவன் கதவிடுக்கில் அகப்பட்ட பூனை மாதிரிக் கத்தினான். ஆனால் ஒருவர் முகத்திலும் வெட்கம் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

முடித்ததும் டேவே சிரித்தான். "யாருக்கும் எட்டாது. மெட்டு எங்களுடையதே இல்லை, லண்டனில் கனவான்கள் சங்கம் ஒன்றில் பாடியது. சொல் மட்டும்தான் எங்களுடையது. பிரிட்டிஷ் கப்பல்கள் ஒரு கோட்டைக்கு இரவெல்லாம் குண்டு போட்டன. விடிந்ததும் கொடி இன்னும் பறக்கிறதா என்று பார்த்த ஒருவர் எழுதியது. சனங்கள் நூறு வருஷத்துக்கு மேல் பாடின பிறகுதான் அரசாங்கம் அதைத் தேசிய கீதம் என்று ஒப்புக்கொண்டது."

நான் தமிழில் சொல்லச் சொல்லச் சிவம் கேட்டுக்கொண்டு நின்றான். "விடிய எழும்பி மிச்சம் இருக்கோ எண்டு பாக்கிறதைப் பாட்டாக்கி வைச்சிருக்கிறாங்கள்" என்றான். "எங்கட சனம் எத்தினை பாட்டு எழுதியிருக்க வேணும்!"

அப்போது டேவ் மிக மரியாதையாக, தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னான்: "இனி உங்களுடையது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தானே.

"ஊர் அரசாங்கத்தின்ர அந்தப் பாட்டைத் தொடங்கினியெண்டால் நான் இப்பவே மெட்ரோ ஏறிப் போயிடுவன்" என்றான் சிவம். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் அவர்கள் வீடு எரிந்தது. அவன் சொல்லியிருக்காவிட்டாலும் நான் தொடங்கியிருக்க மாட்டேன். பிரெஞ்சுக் கீதம் பாடலாம் என்றான் ஒருவன். "விசாவே தரேல்லை, அதுக்குள்ள பாட்டோ?" என்றான் இன்னொருவன். சினிமாப் பாட்டு என்று யாரோ சொல்ல, எந்த நடிகரின் பாட்டு என்பதில் அடிபிடி வரப் பார்த்தது.

எங்களிடம் கீதம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வசனம்தான். ஆனால் டேவ் நின்ற விதமும், அவனுக்குப் பின்னால் தெரேஸ் நின்ற விதமும்! இல்லை என்று சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துப் போயிருந்தது. காகிதம் இல்லை, வீடு இல்லை, வேலைப் பத்திரம் இல்லை. இதற்கும் இல்லையா?

"இருக்கு" என்றேன். திரும்பி எங்கள் ஆட்களிடம், "டேய், ரெண்டாம் வாய்பாடு. மெதுவா, இழுத்து" என்றேன்.

"ஓரிரண்டு இரண்டு... ஈரிரண்டு நாலு..."

பள்ளிக்கூடத்து ராகம் தானாக வந்து உட்கார்ந்தது. நெஞ்சில் கை வைத்து நின்றோம். அமெரிக்கர்களும் வைத்தார்கள். ஐயிரண்டு பத்துக்கு வரும்போது சாப்பாட்டுக் கூடையோடு நின்ற ஒரு அமெரிக்கப் பெண் கண்ணைத் துடைத்தாள். பத்திரண்டு இருபதில் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். சிவம் பார்த்தால்தானே? கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, மூன்றாம் வாய்பாட்டில் இறங்கிவிட்டான். எல்லோரும் பின்னால் போனார்கள். ஏழுமூன்றில் பாதிப்பேர் "இருபத்தொன்று" என்றார்கள். நானும் மிச்சப்பேரும் "இருபத்துநாலு" என்று ஓங்கிப் பாடினோம்.

விசில் பறந்தது.

"நிறுத்துங்கய்யா! செ பா செரியூ! என்ன கேலி இது! தேசிய கீதம்னு சொல்லிட்டு வாய்ப்பாடு பாடுறானுங்க!" முசியே அந்துவான் முகம் தக்காளி. டேவிடம் ஓடினார். "மல்டிப்ளிகேஷன், சார்! மல்டிப்ளிகேஷன்!"

டேவ் தொப்பியைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். "உண்மையா?"

மறுபடியும் அதே வாய்.

"உண்மை. உங்கள் மெட்டு இரவல் என்று நீங்களே சொன்னீர்கள். எங்களுக்கு இப்போது நாடும் இல்லை, பாட்டும் இல்லை. எல்லோருக்கும் ஒன்றாகத் தெரிந்தது இதுதான். இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அப்படி ஒரு தேசிய கீதம் இருந்தால் காட்டுங்கள்."

அழுத பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான். டேவ் பந்தைக் கையில் எடுத்தான். பிறகு, "ஆட்டத்தைத் தொடங்குவோம்" என்றான். தொடங்கினோம். அன்றைக்கு எங்களைப் பெருக்கி ஓரத்தில் தள்ளிவிட்டார்கள்.

முசியே அந்துவான் அதன்பிறகு என்னைக் கண்டால் மற்றத் தெருப்பக்கம் கடந்தார். ஆனால் ஒரு சனிக்கிழமை முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே தெரேஸ் பக்கத்தில் வந்தாள்.

"ஒரு வரிகூடப் பொய் இல்லைன்னீங்க. ஏழு மூணு இருபத்தொண்ணு."

"பாட்டு எண்டால் கொஞ்சம் கூட்டிக் குறைச்சுத்தான் இருக்கும்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவளுடைய அப்பா ஏற்றுக்கொள்ள நிறைய நாள் பிடித்தது. கல்யாணத்துக்கு அவர் போட்ட ஒரே நிபந்தனை, மாப்பிள்ளை பாடக்கூடாது.

பல வருஷத்துக்குப் பிறகு எனக்குக் குடியுரிமை கிடைத்தது. அதற்கான விழாவில் பிரெஞ்சு தேசிய கீதம் ஒலித்தது. மண்டபமே எழுந்து நின்றது. கல்யாண நிபந்தனையை நினைத்து நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்போது பின்வரிசையிலிருந்து மாமனாரின் மூச்சு என் காதில் பட்டது.

"மாப்பிள்ளே, ஏழு மூணு?"

"இருபத்துநாலு, மாமா" என்றேன், மண்டபத்துக்கே கேட்கும்படி.